வேப்பிலை வேண்டாம் என்றவனுக்கு

நைனா,

இதை நான் உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லமாட்டேன். சொன்னால் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "இன்னாப்பா, காய்ச்சல் கீதா?" என்று கேட்பாய். உங்கம்மா அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அதோடு சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பொழுது போன பிறகு வந்த லோடுக்காக உத்திரமேரூர் நெல் மண்டி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முன்சீட்டில் குந்தியிருக்கிறேன். மூட்டை ஏற்றுகிற ஆட்கள் டீக்குப் போனவர்கள் இன்னும் வரவில்லை. கத்திக் கூப்பிட்டால் இன்னும் மெதுவாகத்தான் வருவார்கள். அவர்கள் குணம் எனக்குத் தெரியும், என் குணம் அவர்களுக்குத் தெரியும். எழுத வேறு தாள் கிடைக்காமல், பேரன் ஜோயல் பொறந்தநாளுக்கு வாங்கி மிச்சமாய் வண்டியில் கிடந்த கலர் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உன் கம்பெனிப் பசங்களுக்கு வேண்டுமானாலும் காட்டு, எனக்கு வெட்கமில்லை. ஆம்பளைப் பசங்க படிக்கவேண்டிய சங்கதிதான்.

கொஞ்சம் முன்னால் ஷிப்டிலிருந்து போன் பண்ணி, "எஸ்தர் வந்துட்டாளா? ஜோயல் இன்னா பண்ணான்?" என்று கேட்டாய். நான், "எல்லாம் நல்லாத்தான் கீது, வை" என்று வைத்துவிட்டேன். எனக்குக் குரல் சரியில்லை, அதனால்தான் வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் நடந்ததைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நடக்கவைத்தவன் நீ, பார்த்தவன் நான். இது என்ன நியாயம் என்று தோன்றியதால்தான் பேனாவைத் தேடினேன்.

ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே மனசு ஆறும். ஒரகடம் கம்பெனியிலிருந்து என் மருமகள் எஸ்தருக்குப் போன் வந்த அன்றைக்கு அவள் மூஞ்சியை நீ பார்த்தாயோ இல்லையோ, நான் பார்த்தேன். பிரசவத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த அதே கம்பெனி, அதே இடம். ஜோயலுக்கு ரெண்டாவது பொறந்தநாள் முடிந்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் வேறு பெண்ணுக்கு. போனை வைத்துவிட்டு அவள் வெங்காயம் நறுக்கிய வேகத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்தது, இந்தப் பெண் இந்த நாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்று. அப்போதுதான் உன் சீமந்த புத்திரன் எங்கிருந்தோ தவழ்ந்து வந்து, நடக்கத் தெரிந்தும் சில நேரம் தவழ்வானே அந்தக் கள்ளன், அவள் மடியில் ஏறிப் பாலுக்கு முகத்தைப் புதைத்தான். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போக ஆசையா கீது மாமா. ஆனா இவன இன்னா பண்றது?"

அவன் சங்கதி தெரிந்ததுதானே. இட்லி தின்பான், ரசம் சோறு தின்பான். ஆனால் பசித்தால், தூக்கம் வந்தால், விழுந்தால், கோழி துரத்தினால், எல்லாத்துக்கும் அம்மா மடிதான். பாக்கெட் பாலைத் துப்பினான். ராகிக் கஞ்சியைக் கையால் தட்டிவிட்டான். நீ வாங்கிவந்த பாட்டிலைக் கொண்டுபோய் ஆட்டுக்குட்டிக்கு ஊட்டினான். ஒரு பகல் முழுக்க அம்மா இல்லாமல் இந்தப் பயல் இருப்பானா என்று யாரைக் கேட்டாலும், இருக்கமாட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் பார், தெருவே டாக்டர் ஆகிவிட்டது. எதிர் வூட்டு ராணி, "மார்ல கறுப்பு டேப்ப ஒட்டிக்கடி, பாத்தாலே அலறிக்கினு ஓடுவான்" என்று எஸ்தருக்குப் பாடம் எடுத்தாள். நம் காதில் விழக்கூடாத பேச்சென்று நான் எழுந்து போனால், அவள் குரல் வேலிவரைக்கும் என் பின்னாலேயே வருகிறது. பழையசீவரத்திலிருந்து உன் மாமியார், "இங்க கொண்ணாந்து வுடுங்க, ஒரு வாரத்துல மறந்துடுவான்" என்று போன் மேல் போன். நான் மட்டும் சும்மா இருப்பேனா? வேப்பங்கொழுந்து ஒடித்துவந்து, அம்மியில் என் கையாலேயே மைய அரைத்து, கொட்டாங்குச்சியில் வழித்துக்கொண்டுவந்து உன் முன்னால் வைத்தேன். நீ ஜோயலுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாய். "ரெண்டு வேள தடவிக்கச் சொல்லு. அப்பால கிட்டயே போவ மாட்டான்" என்றேன்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் விரலிடுக்கில் இருந்த சேற்றை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "அவனுக்கு எஸ்தர் கசக்கக் கூடாதுப்பா."

"இன்னாடா சொல்ற?"

"வேலைக்குப் போறா, அவ்ளோதான். அதுக்காவ அவன் வாயில அவ ஏன் கசக்கணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வந்துட்டாரு கலெக்டரு. நாங்கள்லாம் புள்ள வளக்கல பாரு" என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கொட்டாங்குச்சியை எடுத்துப் பார்த்து, "நல்லா அரச்சிக்கீறப்பா" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் ஆட்டின் காதில் உண்ணிக்குத் தடவிவிட்டாய். அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. உண்ணியெல்லாம் உதிர்ந்துபோனது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த ஆட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு நீ குந்தியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. உன்னைப் பால் மறக்கடித்த கதை உனக்கே தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் உங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். உன்னைத் திருமுக்கூடலில் உன் பெரியம்மா வூட்டில் விட்டுவிட்டு, நீ பார்க்காத நேரமாகப் பார்த்து நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். திரும்ப இட்டுக்கினு வந்தபோது நீ உங்கம்மாவைப் பார்த்து, வழி கேட்க வந்த யாரோ மாதிரி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவள் கையை நீட்டினாள், நீ என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாய். "அடேங்கப்பா, இன்னா ரோஷம் இவனுக்கு" என்று அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு இன்றைக்கும் ஓயவில்லை. நீ மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உன் வழி எனக்கு முதலில் வழியாகவே தெரியவில்லை. ரெண்டு வயசுகூட முடியாத பயலிடம் நீ உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். குளிப்பாட்டும்போது, தலை துவட்டும்போது, சோறூட்டும்போது, எப்போதும் அதே வார்த்தை. "அம்மா பஸ்ல போவாங்க. வேலை செய்வாங்க. சாயங்காலம் பஸ்ல வருவாங்க. வந்ததும் பால்." கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது வாய் தானாக முணுமுணுத்தது. அவனும் ஒருநாள் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தான்: "பச்சு போ. பச்சு வா." என் செருப்பை பஸ்ஸாக்கி நீங்கள் ரெண்டு பேரும் ஓட்டினீர்கள். நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் என் ஒரு செருப்பு எப்போதும் அடுப்படியில்தான் கிடந்தது. அதில் ஒரு வெண்டைக்காய் ஏறும், இறங்கும். அந்த வெண்டைக்காய்தான் எஸ்தர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் கண்ணுக்குப் பழகட்டும் என்று அவளையும் கம்பெனியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே வூட்டில் சோறு வடிக்கச் சொன்னாய். ராணி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "இன்னாடி இது கூத்து" என்று வாயைப் பிளந்தாள்.

காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை ஸ்டாப்பிங்கில் நின்று கம்பெனி பஸ் போவதைக் காட்டுவாயே, அங்கே ஒருநாள் நம் பழைய மேஸ்திரி, "இன்னாப்பா, பொண்டாட்டி வேலைக்கு, நீ புள்ள தூக்கவா?" என்றான். பின்னால் வண்டியில் இருந்த நான் கதவைத் திறந்துவிட்டேன், இறங்கினால் ரெண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். நீ என்னடாவென்றால், "ஆமாண்ணா, கனமா கீறான், ரவ புடி" என்று பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டாய். மேஸ்திரி டீக்கடை வரைக்கும் ஜோயலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஜோயல் அவன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். சண்டை போடாமல் ஜெயிக்கிற இந்த வித்தை நம் பரம்பரையிலேயே கிடையாதடா. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

குடிக்கிற பாத்திரத்தை அவனே எடுக்கட்டும் என்று பாத்திரக் கடைக்கு இட்டுக்கினு போனாயே, அந்தப் பேஜாரை மறக்க முடியுமா? நீ கீழே இறக்கிவிட்டதுதான் தாமதம், ஒவ்வொரு டம்ளராக எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தான். கடைக்காரர், "தம்பி, இது பாத்திரக் கட. மோளம் வாசிக்கிற எடம் இல்ல" என்றார். கடைசியில் அவன் எடுத்தது என்ன? அரிசி அளக்கிற ஆழாக்கு. "டேய், அது அளக்கறதுடா, குடிக்கறது இல்ல" என்று நான் பிடுங்கப் போனேன். "எடுத்துட்டான்பா, வுடு" என்றாய். அன்றையிலிருந்து அந்த ஆழாக்கு அவன் கையை விட்டு இறங்கவில்லை. அதில் தண்ணீர் குடித்தான், கோழிக்கு ஊற்றினான், என் மண்டையில் தட்டினான். பால் ஊற்றினால் மட்டும் கவிழ்த்தான். பொறந்தநாள் கிட்டே வர வர எஸ்தருக்குச் சோறு இறங்கவில்லை. "வரலன்னு போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?" என்று ஒருநாள் என் எதிரிலேயே உன்னைக் கேட்டாள். நீ, "சொல்லாத" என்றாய். உனக்கும் உள்ளுக்குள் பயம்தான் என்பது, நீ அன்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனதில் தெரிந்தது.

அந்த வாரம்தான் நான் ஆட்டுக்குட்டி வாயில் கூடை கட்டினேன். தாயிடம் குடித்துவிடக் கூடாதென்று கட்டுகிற சின்னப் பின்னல் கூடை, எப்போதும் கட்டுவதுதான். குட்டி தாயை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. ஜோயல் அதன் எதிரில் குந்தி, தன் வாயைத் தொட்டுப் பார்த்தான், குட்டியின் வாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ரெண்டு கையாலும் கூடையைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நீ அங்கேதான் நின்றாய். நான்தான் முனகிக்கொண்டே போய் அவிழ்த்துவிட்டேன். குட்டி ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது. மறுநாள் காலையில் உங்கம்மா எல்லோருக்கும் பாலில்லாத டீயைக் கொடுத்துவிட்டு, "தாத்தனுக்கும் பேரனுக்கும் மனசு எளகிடுச்சாம், குடிங்க" என்றாள்.

பொறந்தநாள் அன்று பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணிவிட்டுப் போனதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கேக்கைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டிப் பாட ஆரம்பித்ததும் ஜோயல் மிரண்டுபோய், எஸ்தரின் புதுப் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாலுக்கு அழுதான். ராணி சும்மா இருப்பாளா? "ஐயே, ரெண்டு வயசு ஆம்பளைக்கு வெக்கத்தப் பாரு" என்று ஆரம்பித்தாள். பெண்கள் சிரித்தார்கள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. இப்போது கொடுத்தால் எல்லாம் கெட்டது என்று எனக்குப் பட்டது. நீ மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, "அவன் பொறந்தநாளு. அவன் கேட்டதக் குடு. கேக்கு எங்கியும் ஓடிடாது" என்று சொல்லி ரெண்டு பேரையும் உள்ளே அனுப்பிவைத்தாய். வாசல் நிறைய ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நீ பிள்ளைகளுக்கு ரோஸ்மில்க் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு அப்பனாக நீ நின்ற அந்த நிற்பை இந்தக் கண்ணால் பார்த்தேன் நைனா, எனக்கு மார்பு விரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். அழுகை ஓய்ந்து, வயிறு நிறைந்து, ராஜா மாதிரி வந்தான். பிள்ளைகள் குடிப்பதை ஒவ்வொருவராகப் பார்த்தான். உள்ளே போய் ஆழாக்கை எடுத்துக்கொண்டுவந்து என் முழங்காலில் தட்டினான். "ஊச்சு." நான் உன்னைப் பார்த்தேன், நீ கண்ணைக் காட்டினாய். ஊற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். ரோஸ் கலரில் மீசை வந்துவிட்டது. ராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், நீ விரலை உதட்டில் வைத்துக் காட்டினாய். கதவருகில் எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை வெறும் பாலை அதில் ஊற்றினோம். பாதி குடித்தான், பாதியைக் கொட்டினான். அதுவே பெரிசு.

இன்று காலையில் நான் எதற்கு வண்டியை ஸ்டாப்பிங் ஓரத்தில் நிறுத்திவைத்திருந்தேன் தெரியுமா? லோடுக்குப் போகிறேன் என்று சொன்னது பொய். பயல் புரண்டு அழுதால் பஸ்ஸைத் துரத்திப்போய் எஸ்தரை இறக்கி இட்டுக்கினு வந்துவிடலாம் என்றுதான். உன் இடுப்பில் அவன், அவன் கையில் ஆழாக்கு, அதில் பால். பஸ் வந்து நின்றது. எஸ்தர் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் படியில் கால் வைத்தாள். அவன் ஆழாக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினான். "ம்மா, குச்சி." பசியோடு போகிறாளே என்று நினைத்தான்போல. அவள் படியிலேயே குனிந்து ஒரு வாய் குடித்தாள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்துக்கொண்டிருந்தான், நல்லாயிருக்கட்டும். மிச்சத்தை இவன் குடித்தான். பஸ் திரும்பி மறைந்ததும்தான் அழுதான். நான் ஓடிவந்து, "அம்மா கடைக்குப் போயிருக்குது, முட்டாய் வாங்கியாரும்னு சொல்லேன்டா" என்றேன். நீ சொன்னாய், "கடைக்குப் போவலயேப்பா." அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஆமா, அம்மா போயிட்டாங்க. அழுவ வருதா? அழு. சாயங்காலம் பஸ்ல வருவாங்க" என்றாய். அவன் உன் சட்டையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அழுதான். பிறகு ஏரியில் ஒரு எருமை இறங்கியதைப் பார்த்து நிறுத்தினான்.

இனி நீ பார்க்காதது. நீ ஷிப்டுக்குப் போன பிறகு உங்கம்மா கழனியிலிருந்து வந்து என்னிடமிருந்து அவனை வாங்கிக்கொண்டாள். மத்தியானம் சிணுங்கினான். ஆழாக்கில் கொடுத்தாள், குடித்துவிட்டுத் தூங்கினான். எழுந்ததிலிருந்து, "பச்சு வா, பச்சு வா" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். பொழுது சாய்வதற்கு ரொம்ப முன்னாலேயே நாங்கள் மூணு பேரும் ஸ்டாப்பிங்கில் போய் நின்றோம். பஸ் வந்தது. எஸ்தர் இறங்கினாள், ஆனால் கிட்டே வரவில்லை. கையையும் நீட்டவில்லை. ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டாள். உன் கதையை அவளும் எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறாள். அவன் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவானோ என்று பயந்து நின்றாள்.

அவன் ஓடினான் நைனா. ஆழாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, விழுந்து, எழுந்து ஓடினான். அவள் ரோட்டோரம் அப்படியே குந்திவிட்டாள். அந்த நீலக் கோட்டுக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். அவள் ஸ்டாப்பிங் ஷெட்டுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனாள், கொஞ்ச நேரம் குடித்தான். வெளியே வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், உங்கம்மாவைப் பார்த்தான், எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தான். "ப்பா? ப்பா? பச்சு வந்து" என்றான். உன்னைத்தான் தேடினான். நீ சொன்னது நடந்துவிட்டது என்று உன்னிடம் சொல்ல. ரெண்டு வயசுப் பிள்ளை ஒரு பகல் முழுக்க உன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். இனிமேல்தான் உனக்குக் கஷ்டம். எல்லாத்துக்கும் உன் வாயைப் பார்ப்பான். சொன்ன சொல்லைக் கடைசிவரைக்கும் காப்பாற்று.

உங்கம்மா கீழே கிடந்த ஆழாக்கை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள், "நம்ம புள்ள அன்னிக்கு எங்கிட்ட ஓடியாரல, இல்ல?" அந்தக் கதையை இனி எந்தக் கல்யாணத்திலும் அவள் சொல்லமாட்டாள் என்று நினைக்கிறேன்.

மூட்டை ஆட்கள் வந்துவிட்டார்கள், பல் குத்திக்கொண்டு வருகிறார்கள். உன் ஷிப்டு முடிவதற்குள் வூட்டுக்கு வந்து, நீ ராத்திரி சாப்பிடுகிற தட்டுக்கு அடியில் இந்தப் பேப்பரை மடித்து வைப்பேன். படித்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்காதே, நான் எழுதவில்லை என்றுதான் சொல்வேன். படித்த கையோடு போய் அவனை எழுப்பாதே. காலையில் எழுந்ததும் நீயே முதலில் தூக்கு, உங்கம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள். எங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் அவனுக்கு முடியாது. பஸ் வந்துவிட்டதாம்.

உன் அப்பா